பெரிய எண்கள்

பதினோரு முறை இறங்கியிருக்கிறேன்
அமலதாஸின் மணிக்கட்டை நம்பி.
அவர் கட்டைவிரலை உயர்த்தினால் மேலே.
உள்ளங்கையைத் தாழ்த்திக் காட்டினால்
அங்கேயே நில்.
என் ரத்தத்தில் கரைகிற நைட்ரஜனுக்கு
அவர் கையில் கணக்கு.

மின்துறையில் பத்தொன்பது வருடமாக
ஊரார் மீட்டருக்குக் கணக்குப் பார்க்கிறவள் நான்.
உறுத்தியது.

குருசுக்குப்பத்தில் அவருடைய கடை.
ஆளில்லாத கறுப்பு உடுப்புகள்
கொடியில் சொட்டிக்கொண்டிருந்தன.
கண்ணாடிப் பெட்டிக்குள் நான்கு கம்ப்யூட்டர்கள்.

முதலாவதில் வண்ணத்திரை, திசைகாட்டி,
சிலிண்டரில் மிச்சக் காற்று எவ்வளவு என்று
குழாய் இல்லாமலே சொல்லுமாம்.
விலையைக் கேட்டேன்.
கேட்டதற்கே கொஞ்சம் காற்று செலவானது.

துலூஸிலிருந்து அக்கா வீட்டுக்காரர்:
"அங்கே எதையும் வாங்கிவிடாதே,
ஜூலையில் நான் கொண்டுவருகிறேன்."
அவர் கொண்டுவந்த காப்பி மெஷின்
உதிரிப்பாகம் கிடைக்காமல்
ஆறு வருடமாகப் பரணில் இருக்கிறது.
இதற்குப் பேட்டரி தீர்ந்தால்
நேரு வீதியில் கிடைக்க வேண்டும்,
நானே திருகிப் போட வேண்டும்.
அவரிடம் அதைச் சொல்லவில்லை. சரி என்றேன்.

கூட இறங்கும் ரெஜினால்டுக்கு இருபத்தாறு வயது.
"அந்த நாலாவது வேண்டாங்க்கா,
ரொம்பப் பயந்த மெஷின்.
அஞ்சு நிமிஷம் முன்னாடியே மேல போகச் சொல்லும்."
பயந்தது ஒன்று இருக்கட்டுமே.
எங்கள் வீட்டில் மற்ற எல்லாரும் தைரியசாலிகள்.

அமலதாஸ் எதையும் பரிந்துரைக்கவில்லை.
பச்சை வாளியில் தண்ணீர் பிடித்துவந்து
ஒரு பிடி மணலை அள்ளிப் போட்டுக் கலக்கினார்.
"மழை முடிஞ்சா நம்ம கடல் இதுதான்.
மாஸ்க் மாட்டிட்டுப் பாருங்க."

முகத்தை வாளிக்குள் இறக்கினேன்.
வாசலில் ஐஸ் வண்டிக்காரர்
மணியடிப்பதை நிறுத்தியது கேட்டது.

நாற்பத்தாறு வயதின் வெள்ளெழுத்து
தண்ணீருக்குள்ளும் வெள்ளெழுத்துதான்.
வண்ணத்திரையில் ஒன்பது எண்கள்,
ஒன்பதும் எறும்பு.
அடுத்ததில் மூன்று எது, எட்டு எது.
மூன்றாவதைத் தேடுவதற்குள் மூச்சு முட்டியது.

நான்காவது கறுப்பு வெள்ளை.
இட்லிக்குழி அகலம், தடித்த பட்டை, ஒரே பொத்தான்.
பதினெட்டு மீட்டருக்கு ஐம்பத்தொன்று.
மணல் மிதக்கும் தண்ணீரில்
அந்த ஐந்தும் ஒன்றும் நேராக என்னைப் பார்த்தன.

வீட்டுக்கு வந்து பெட்டியைப் பிரித்தேன்.
தேதி கேட்டது, மணி கேட்டது.
பிறகு, எவ்வளவு எச்சரிக்கை வேண்டும்:
பூஜ்யமா, ஒன்றா, இரண்டா?
பிறந்ததிலிருந்து எனக்கு
இரண்டு வைக்கப்பட்டிருந்தது.
ஒன்று வைத்தேன்.
யாரிடமும் கேட்கவில்லை.

தை கடைசி ஞாயிறு. தேங்காய்த்திட்டிலிருந்து படகு.
பதினாறு மீட்டரில்
சிக்கிக் கிடந்த பழைய வலையைச் சுற்றி
மஞ்சள் கோடிட்ட சிறுமீன்கள்.
எண் குறைந்துகொண்டே வந்தது.
முப்பத்தொன்று. முப்பது. பன்னிரண்டு.
எட்டில் அமலதாஸின் தோளைத் தட்டி
கட்டைவிரலை உயர்த்தினேன்.
தன் மணிக்கட்டைப் பார்த்தார்.
அதில் இன்னும் மிச்சமிருந்திருக்கும்.
ஆனாலும் தலையசைத்து
என் பின்னால் வந்தார்.

மேலேற மேலேற எண் கூடியது.
கட்டவேண்டிய கடனுக்கு
தவணை நீட்டித்தது போல.
ஐந்து மீட்டரில் மூன்று நிமிடம் நில் என்றது.
நின்றேன்.
ஒரு சொறிமீன் கடந்துபோனது
கையில் ஒன்றும் கட்டாமல்.

இரவு வாழைக்காய் நறுக்கும்போதும்
மணிக்கட்டில் அது எண்ணிக்கொண்டிருந்தது.
உடம்பிலிருந்து கடல்
இன்னும் முழுசாக வெளியேறவில்லையாம்.
சின்ன விமானப் படம், குறுக்கே ஒரு கோடு.

அக்கா அழைத்தாள்.
"இந்த வருடமாவது வருவாயா?"
பதினேழு மணிநேரத்துக்கு நான் பறக்கக் கூடாது என்றேன்.
"யார் சொன்னது?"

ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு பார்த்தேன்.
பதினாறு ஐம்பத்தொன்பது.