நடக்கிற வயது

ஷெப்பர்டனில் ஆகஸ்ட் என்றால்
பேரி மரங்களெல்லாம் வெறும் கம்புகள்.
மஞ்சள் சட்டை, தோளில் பை,
பைக்குள் படிவம் நிரப்பாத வீடுகளின் பட்டியல்.
நாய் இருக்கும் வீடுகளுக்கு நானே ஒரு குறி போட்டிருக்கிறேன்.

கேட்க வேண்டியது ஒரே ஓர் இரவின் கணக்கு:
செவ்வாய்க்கிழமை, இந்தக் கூரைக்குக் கீழே
யார் யார் இருந்தார்கள், எத்தனை வயது.
முடிந்த வயது.
நடக்கிற வயதல்ல.

பரஞ்சோதி அண்ணாச்சிக்கு அதில்தான் தகராறு.
"அறுபது நடக்குதும்மா, அறுபதுன்னே போடு."
ஐம்பத்தொன்பதுதானே முடிந்திருக்கிறது என்றேன்.
"அப்போ இந்த எட்டு மாசமா
நான் எங்கே இருந்தேன்?"

லொரேன் ஐம்பத்தைந்து என்றாள்.
அடுத்த வீட்டுக்காரரும் ஐம்பத்தைந்து,
முந்தைய வீட்டில் நாற்பது, எதிர்வீட்டில் எழுபது.
இந்தத் தெருவில் நாற்பத்தேழு வயதில் ஒருவருமில்லை.
விரைவுப் பேருந்து மாதிரி
ஐந்திலும் பத்திலும் மட்டும் நின்று போகிறார்கள்.
லொரேனிடம் பிறந்த தேதி கேட்டேன்.
விரல் விட்டு எண்ணினாள். மறுபடி எண்ணினாள்.
"அடக் கடவுளே, ஐம்பத்தெட்டு."
அந்த மூன்று வருஷத்தையும்
நான்தான் பையில் கொண்டுவந்ததுபோலப் பார்த்துவிட்டுக்
கதவைச் சாத்தினாள்.

எஸ்பெரான்ஸின் மகனுக்குப் பதினொரு நாள்.
ஒன்று நிரம்பாதவர்களுக்குப் பூஜ்யம் போட வேண்டும்.
"பூஜ்யமா?"
முப்பத்தாறு மணி நேரம் வலியில் கிடந்தவள் கேட்கிறாள்.
நான் போடவில்லை, பேனாவை அவளிடமே கொடுத்தேன்.
அவள் போட்ட பூஜ்யம்
கட்டத்துக்குள் அடங்கவில்லை.

கடைசி வீட்டில்
நான்கு ஆண்கள், ஒரே அடுப்பு,
கதவோரம் கிளை வெட்டும் கத்தரிகள்.
குர்பான், முக்தார், இஸ்ஹாக், சகிதாத்.
நான்கு பேரும் ஜனவரி ஒன்று.
நான்காவது தடவை பேனா கொஞ்சம் தயங்கியதைச்
சகிதாத் பார்த்துவிட்டான்.
"தீவில் ஓர் அதிகாரி. என் தாடையைப் பிடித்துத் திருப்பினார்,
மீசையைப் பார்த்தார், எழுதிக்கொண்டார்.
அம்மாவைக் கேட்டால்
ஆப்ரிகாட் பூத்தபோது என்பாள்."

அவன் ஊரில் அது பங்குனி வாக்கில் பூக்குமாம்.
எப்படிப் பார்த்தாலும் ஆகஸ்டுக்குள் முடிந்துவிடுகிறது.
எந்த வருஷத்துப் பூ என்பதுதான்
ஒருவருக்கும் தெரியவில்லை.

சொல்வதைத்தான் எழுத வேண்டும், வாதாடக் கூடாது,
பயிற்சியில் இரண்டு தடவை சொன்னார்கள்.
எழுதினேன். எழுதிவிட்டுப்
பையைக் கீழே வைத்து
வலது கையை உச்சந்தலைக்கு மேலே வளைத்து
இடது காதைத் தொட்டுக் காட்டினேன்.
"சங்கரன்கோவிலில் இப்படித்தான் பார்ப்பார்கள்.
விரல் எட்டினால் ஐந்து வயது, ஒன்றாம் வகுப்பு.
எனக்கு எட்டவில்லை.
கோயில்பிச்சை வாத்தியார் என் தலையை
லேசாகச் சாய்த்துவிட்டார்.
ஜூன் ஒன்று."

நான்கு பேரும் கையை வளைத்துப் பார்த்தார்கள்.
முக்தார் தலையைச் சாய்க்காமலே
கழுத்துவரை எட்டுகிறது என்றான்.
கெட்டில் கொதித்து, அணைந்து,
மறுபடி கொதித்தது.

இரவு வீட்டுக்கு வந்தால்
எங்கள் படிவத்தை இவர் நிரப்பி அனுப்பியிருந்தார்.
எனக்கு நேராக நாற்பத்தேழு.
அம்மா கணக்கில் நாற்பத்தாறுதான் முடிந்திருக்கிறது,
நாற்பத்தேழு நடக்கிறது.
திருத்த வேண்டுமா என்று கேட்டார்.
அண்ணாச்சியின் எட்டு மாசத்தை நினைத்துக்கொண்டு
ஷூவைக் கழற்றினேன்.