இடக்கைச் சுட்டுவிரல்

செங்காங் நிலையத்தில் நான் உள்ளே, அவன் வெளியே.
வாயிலைத் தாண்டினால் கார்டில் கட்டணம் போகும்.
தடுப்புக்கு மேலாகவே நீட்டச் சொன்னேன்.
ஐம்பது கேட்டவன் நாற்பது வெள்ளிக்கு இறங்கியிருந்தான்.
அடுத்த வாரம் தேசிய சேவை;
முடி இன்னும் தோளில் கிடந்தது.
கைபேசியில் காசு சேர்ந்த ஓசை கேட்டதும்
"ஒரு நிமிஷம்" என்று திரும்ப வாங்கி
எல்லாக் கம்பிகளையும் ஒரே ஒரு தடவை வருடினான்.
பிறகு கொடுத்தான்.
பின்னால் நின்றவர் தொண்டையைச் செருமினார்.

நாற்பத்திரண்டு வயதில் எதற்கு இது என்று
ஒருவரும் கேட்கவில்லை.
கேட்டால் சொல்ல ஒரு பதில் வைத்திருந்தேன்.

சாங்கி சரக்குக் கிடங்கில் இரவு வேலை.
காலை எட்டுக்கு வீடு, ஒன்பதுக்குத் தூக்கம்,
ஒன்பது ஐந்துக்கு மேல்வீட்டில் துளைக்கும் இயந்திரம்.
புதிதாய் வாங்கியவர்கள் தரையோடு பெயர்க்கிறார்களாம்.
இருபத்தாறு நாள் பொறுத்தருளும்படி
மின்தூக்கியருகே காகிதம் ஒட்டியிருந்தது.
முதல் நாள் சபித்தேன்.
இரண்டாம் நாள் அந்த இரைச்சலுக்குள்
என் இ மைனரை ஒளித்துவைத்தேன்.
இயந்திரம் மூச்சு வாங்க நிற்கும்போதெல்லாம்
நானும் நின்றேன்,
பார்த்து எழுதும் பிள்ளை வாத்தியார் திரும்பியதும் நிற்பதுபோல.

இ மைனருக்கு இரண்டு விரல் போதும்.
ஏ மைனருக்கு மூன்று.
சி பிடிக்கையில் மோதிரவிரல் சரிந்து
பக்கத்துக் கம்பியின் வாயைப் பொத்தியது.
எஃப் பற்றிப் பேச வேண்டாம்.
ஒரே விரலைப் படுக்கவைத்து
ஆறு கம்பியையும் அழுத்து என்கிறது படம்.
நான்கு செத்துக் கிடந்தன. ஒன்று இருமியது.
ஒன்று மட்டும் கணீரென்று ஒலித்தது.
அதை நான் அழுத்தவே இல்லை என்று பிறகு தெரிந்தது.

முறுக்காணி ஒன்றில் நீளமாய் ஒரு முடி சுற்றியிருந்தது.
இந்நேரம் அவன் தலை மொட்டையாகியிருக்கும்.
எடுக்காமல் விட்டேன்.

முதல் வாரம் விரல்நுனிகளில் நான்கு பள்ளம்.
புளி கரைத்தால் எரிந்தது.
இரண்டாம் வாரம் தோல் உரிந்தது.
மூன்றாம் வாரம் அடியிலிருந்து வேறொன்று வந்தது,
வெயிலில் கிடந்த ரப்பர்போல.
கோப்பிக் குவளையின் சூடு
அந்த நான்கு இடங்களுக்கு மட்டும்
தாமதமாய் வந்து சேர்ந்தது.

புதன் இரவு கிடங்கின் கதவு என்னை மறுத்தது.
பதினோரு வருடமாய் இடக்கைச் சுட்டுவிரல்தான் என் சாவி.
வலக்கையில் எப்போதும் சாப்பாட்டுப் பை.
சிவப்பு விளக்கு.
துடைத்து வைத்தேன். சிவப்பு.
ஊதி வைத்தேன். சிவப்பு.
பின்னால் வரிசை சேர்ந்தது.
"என்னக்கா, வேலையை விட்டுத் தூக்கிட்டாங்களா?"
பாலவேந்தனுக்கு எல்லாமே விளையாட்டு.

காவலர் ஹம்தான் எழுந்து வந்து
விரலை விளக்கடியில் திருப்பிப் பார்த்தார்.
"அடுப்பில் சுட்டுக்கொண்டாயா?"
ஆமாம் என்றிருக்கலாம், அதோடு போயிருக்கும்.
"கிட்டார்" என்றேன்.
யாரோ சிரித்தார்கள். நொர்லிசாவாக இருக்கும்.

அவர் சிரிக்கவில்லை. பதிவேட்டைத் திறந்தார்.
பெயர்: மங்களேஸ்வரி.
நேரம்: ஒன்பது ஐம்பத்தெட்டு.
காரணம் என்ற கட்டத்தில் சற்று யோசித்து
கிட்டார் என்றே எழுதினார்,
ஒரு எழுத்தை விட்டுவிட்டு.
கையெழுத்துப் போட்டேன்.
தயாரித்து வைத்திருந்த அந்தப் பதில்
அவ்வளவு நீளம் தேவைப்பட்டிருக்காது.

இப்போது வலக்கைக் கட்டைவிரல் பதிந்திருக்கிறது.
பையை இடக்கைக்கு மாற்றிக்கொள்கிறேன்.

இருபத்தேழாம் நாள் காலை
ஒன்பது ஐந்துக்கு மேலே ஒன்றும் கேட்கவில்லை.
ஒன்பது பத்து. தூங்கலாம்.
சன்னலை மூடப் போய்
மூடாமல் திரும்பி வந்து உட்கார்ந்தேன்.
எஃப்.
ஆறில் மூன்று.
மேல்வீட்டில் யாரோ நாற்காலியை இழுத்தார்கள்,
பாதியில் நிறுத்தினார்கள்.
விரலைக் கொஞ்சம் மேலே நகர்த்தினேன்.
நான்கு.