ஒரு கரண்டி நீர்

ஹாவெல் ஆற்றில் நவம்பர் இரண்டாம் சனி.
படகுத்துறையில் மிஞ்சியவை
ஏழு படகுகள், இரண்டு வாத்துகள், ஹென்னிங்.

கிரேன் கூலி கட்ட மனமில்லாதவர்கள் நாங்கள்.
எங்கள் படகுகள் கரையேறாமல்
தண்ணீரிலேயே குளிர்காலத்தைக் கழிக்கும்.

என்னுடையதற்கு ட்ஸ்வீபல் என்று பெயர்,
வெங்காயம்.
முன்பு வைத்திருந்தவர் சூட்டியது.
முதல் வருட ரசீதுகளை அடுக்கியபோதுதான்
பொருள் விளங்கிற்று.

முதலில் எஞ்சினை ஓடவிட வேண்டும்.
சூடேறினால்தான் பழைய எண்ணெய் இளகி இறங்கும்.
இறங்கியது: கோடை முழுவதன் கரி,
மதகு திறக்கக் காத்திருந்த பிற்பகல்கள்,
ஆகஸ்டில் அக்காவோடு போட்ட சண்டை,
எல்லாம் ஐந்து லிட்டர்.

டீசல் தொட்டியை விளிம்புவரை நிரப்பினேன்.
வெற்றிடம் விட்டால் அங்கே காற்று வியர்க்கும்.
வியர்வை அடியில் தேங்கும்.
தேங்கியதில் கறுப்பாய் ஒன்று முளைத்து
எரிபொருளைத் தின்னத் தொடங்கும்.
பசி எங்கே குடியிருக்கும் என்று
சொல்லிவிட முடியாது.

பிறகு நீலத் திரவம்.
ஆற்றுக்குப் பதிலாக வாளியிலிருந்து
எஞ்சின் அதை உறிஞ்சிக் குடித்தது.
ஒரு சொட்டும் ஆற்றில் விழாதபடி
பின்புறம் புகைக்குழாயடியில்
இன்னொரு வாளியோடு குந்தியிருந்தார் ஹென்னிங்.
"நீலம்! நீலம் வந்துவிட்டது!"
பிரசவ அறை வாசலில் நிற்பவர் குரலில் கத்தினார்.
வாத்துகள் எழுந்து போயின.

அவருக்கு இப்போது படகில்லை.
சென்ற பிப்ரவரியில் மூழ்கிற்று.
அடித்தட்டு வால்வை மூடிவிட்டுத்தான் போயிருந்தார்,
ஒழுங்காக, இறுக்கமாக.
மூடிய பித்தளை உருண்டையின் வயிற்றுக்குள்
ஒரு கரண்டி நீர் அகப்பட்டிருந்தது.
அது உறைந்தது. பித்தளை பிளந்தது.
ஆனால் உறைந்த நாளில் மூழ்கவில்லை.
குளிர் இருந்தவரை
விரிசலைப் பனிக்கட்டியே அடைத்து வைத்திருந்தது.
வெயில் வந்த ஞாயிற்றுக்கிழமை,
எல்லோரும் கோட்டைக் கழற்றிவிட்டு
காப்பி குடித்துக்கொண்டிருந்த நேரத்தில்,
கொடிக்கம்பின் நுனி மட்டும் மிஞ்சியது.

"முதலில் ஊற்று, வீப்கே. அப்புறம் மூடு."
"தெரியும்."
"நீலம் உருண்டைக்குள் இறங்கட்டும்."
"தெரியும் என்றேனே."

குழாய்களைத் திறந்து வைத்தேன்.
மெத்தைகளை நிமிர்த்தி நிறுத்தினேன்,
தண்டனை பெற்ற பிள்ளைகள் மாதிரி.
வெள்ளம் வந்தால் எழ இடம் வேண்டுமே என்று
கயிறுகளை ஒரு முழம் தளர்த்தினேன்.
பம்பின் ரப்பர்ச் சக்கரத்தைக் கழற்றி
சாவியோடு சேர்த்துக் கட்டினேன்.
வசந்தத்தின் அவசரத்தை நான் அறிவேன்.

ஜனவரி, பூஜ்யத்துக்குக் கீழே பதினொன்று.
இரவு இரண்டரைக்கு விழிப்புத் தட்டியது.
ஊற்றிவிட்டு மூடினேனா,
மூடிவிட்டு ஊற்றினேனா?
"தெரியும்" என்று சொன்னது நினைவிருந்தது.
கை என்ன செய்தது என்பது நினைவில் இல்லை.

சைக்கிளில் மூன்று கிலோமீட்டர்.
ஆறு கரையோரம் வெள்ளையாய் இறுகியிருந்தது,
நடுவில் மட்டும் ஒரு கறுப்புக் கோடு.
பாலத்துப் பனியில்
ட்ஸ்வீபல் வரைக்கும் போய்த் திரும்பிய
காலடிகள். பெரிய காலணி.
இடது குதிகால் சற்று இழுபட்டிருந்தது.
சாவி எங்கே ஒளித்திருக்கும் என்று
துறையில் எல்லோருக்கும் தெரியும்.

உள்ளே டார்ச் அடித்தேன்.
வடிகட்டியின் மூடியை நான் மூடுவதைவிட
இறுக்கமாக மூடியிருந்தது.
அருகில் என்னுடையதல்லாத ஒரு கேன்,
பாதி தீர்ந்தது.
வால்வைத் தொட்டேன். விரல் ஒட்டிக்கொண்டு
தயங்கித்தான் பிரிந்தது.

அவர் வருவதற்கு முன்பே பிளந்திருந்தால்?
வெளியிலிருந்து ஒன்றும் தெரியாது.
வெயில் வரட்டும்.
வானொலி இளக்கம் என்று சொல்லும் நாளில்
விடுப்பு எடுத்துக்கொண்டு
இங்கே வந்து உட்கார வேண்டும்.
அவரும் இருப்பார்.
இந்த ராத்திரியைப் பற்றி
இருவரும் பேசப்போவதில்லை.

அலமாரியில் நான் மறந்துபோன கடுகுப் பசைப் புட்டி
கல்லாகிக் கிடந்தது.
கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டு
வீட்டுக்கு மிதித்தேன்.
தொடையில் வழியெல்லாம் அதன் குளிர்.