நாப்பத்தியொண்ணு

சனிக்கிழமை, திருப்பூரில் சம்பள நேரம்.
கரண்ட் போய் வந்த கையோடு
வசந்தாமணி கண்ணாடித் தடுப்பைத் தட்டினார்.
"நாப்பத்தியொரு கட்டு தெச்சனுங்க.
இருபத்தியேழுதான் காட்டுது.
என்ற பதினாலு எங்கீங்க?"

கட்டுக்கு இருபது பீஸ்,
பீஸுக்கு ரெண்டு ரூபாய் பத்துக் காசு.
ஐநூற்று எண்பத்தெட்டு ரூபாய்
நான் எழுதிய நிரலுக்குள் எங்கோ விழுந்து கிடந்தது.

அவர் பெயருக்கு ஒரே வரி,
வரிக்குள் ஒரு பட்டியல்,
பட்டியலுக்குள் வாரம் பூராவும் தைத்த கட்டுகள்.
கைக்கு அடக்கமாகத்தான் இருந்தது.
ஒன்றைப் பார்க்கப் பை முழுவதையும் கொட்ட வேண்டும் என்பது
பத்துக் கட்டு வரை எனக்கு உறைக்கவில்லை.

வெள்ளி மாலை
லைனின் இந்தக் கோடியில் ஒரு டேப்லெட், அந்தக் கோடியில் இன்னொன்று.
இரண்டும் அதே பழைய பட்டியலை வாங்கிப்போய்
தன் பங்கைச் சேர்த்து
முழுசாகத் திருப்பி வைத்தன.
பின்னால் வந்தது முன்னால் வந்ததைத் துடைத்தது.
மூன்று ஊரில் மூன்று நகல் வைத்திருக்கிறோம்,
இரண்டு தலையாட்டினால் அது உண்மை.
அன்றைக்கு மூன்றுமே ஆட்டின.
பதினாலு கட்டு இருந்த இடத்தில் ஒரு நடுகல்.
பத்து நாள் நிற்கும்,
அப்புறம் அதுவும் இருக்காது.

அவர் மடித்து வைத்திருந்த துண்டுச் சீட்டை வாங்கிக்கொண்டு
ஞாயிறு முழுக்கப் பிரித்துக் கட்டினேன்.
ஆளும் வாரமும் சேர்ந்து ஒரு பகுதி,
அதற்குள் கட்டுக்கு ஒரு வரி,
நேரப்படி, புதியது மேலே.
கடைசி மூன்றைக் கேட்டால்
மூன்று மட்டும் எழுந்து வரும்.

நேரம் போதும் என்றுதான் நினைத்தேன்.
சோதித்தபோது ஒரே நொடியில் இரண்டு கட்டு ஸ்கேனாகி
ஒன்றன்மேல் ஒன்று படுத்து
ஒரே கட்டாகிவிட்டது.
சத்தமே இல்லை.
நேரத்துக்குப் பின்னால் கட்டு எண்ணையும் கொண்டுவந்து நிறுத்தினேன்.

வசந்தாமணிக்கு ஓட்டத் தெரிந்த மிஷின்களை மட்டும்
அவர் வரியிலேயே தொகுப்பாக விட்டுவைத்தேன்,
ஊக்கில் கோத்த சாவிகள் மாதிரி:
சிங்கர், ஓவர்லாக், பேட்லாக்.
நாளைக்கு நாலாகலாம்.
நாற்பதாகாது.

திங்கள் காலை, டீ வண்டிக்குப் பக்கத்தில் திரையைக் காட்டினேன்.
விரல் வைத்து எண்ணினார்.
நாப்பத்தியொண்ணு.
சிரிக்கவில்லை, மறுபடி எண்ணினார்.
"இதுல எக்ஸெல் சைஸு மட்டும் எத்தனைங்க?"

நேரத்தில் நிற்கும் வரிசைக்கு அளவு தெரியாது.
அளவுப்படி இன்னொரு அட்டவணை வேண்டும்,
இதே கட்டுகளை அதிலும் ஒரு தடவை எழுத வேண்டும்.
தயங்கித்தான் சொன்னேன்.

"எழுதுங்க" என்றார்,
டீக்குச் சில்லறையைத் தேடிக்கொண்டே.
"நாங்களும் ஒரே துணியத்தானுங்க
நாலு மிஷினு மாத்தித் தெக்கறம்."