படிவத்தில் இல்லாத வரி

வேதாரண்யம் அரசு மருத்துவமனை,
இரவு ஒன்றரை, ஐப்பசி மழை.
நீலாயதாட்சி, இருபத்துமூன்று.
உப்பளம் மூடி ஒரு மாதமாகியும்
குதிகால் வெடிப்பில் இன்னும் வெள்ளை.
பதினேழு வாரம். நான்கு நாளாய் நீர் போகிறது,
யாரிடமும் சொல்லாமல் இருந்திருக்கிறாள்.
நூற்றிநான்கு காய்ச்சல்.

டாப்ளரை வைத்தேன்.
மழைக்கு மேலே கேட்டது,
நூற்றெழுபது.

அது நின்றபின் செய்தால் பாவமில்லை என்றது
ஞானோபதேச வகுப்பில் எனக்குள் ஏறிய குரல்.
அதற்குமுன் இவள் நின்றுவிடுவாள் என்றன
நர்ஸ் மெகராஜ் பேகத்தின் கண்கள்.
நாகப்பட்டினம் அனுப்பிவிடலாம் என்றது நான்தான்.
பாலத்தில் தண்ணீர் என்றார் ஆம்புலன்ஸ் ஓட்டுநர்.
அந்தத் தண்ணீரைச் சபித்தேன்,
நன்றியும் சொன்னேன் என்றுதான் ஞாபகம்.

டாப்ளரை அணைத்தேன்.
படிவத்தை வரிவரியாக வாசித்துக் காட்டினேன்.
புருஷன் பேனாவோடு வந்தான்.
அவளே போடட்டும் என்றேன்.
இடது பெருவிரல், ஊதா மை.

முடிந்தபோது நாலேமுக்கால்.
மெகராஜ் அவளை வார்டுக்குத் தள்ளிக்கொண்டு போனாள்.
நானும் தட்டும்.
காது இருந்தது.

குழாயைத் திறந்தேன், கொள்ளிடம் வந்தது.
"உயிர் இருந்தால்" என்று தொடங்கி
நெற்றியில் மூன்று முறை.
பெயரில்லாமல் சொல்ல முடியாமல் நின்று
கடைசியில் அவள் பெயரையே வைத்தேன்.

விடிந்ததும் புருஷன்
மஞ்சள் துணியில் வாங்கிக்கொண்டு
வாய்க்கால் கரைப்பக்கம் போனான்.
கொஞ்சம் பால் கேட்டான்.
ஆயா தன் டீக்கு வைத்திருந்ததைக் கொடுத்தாள்.

ஃபாதர் எதைக் கேட்பார் என்று தெரியும்.
அதற்குப் பதில் இருக்கிறது கேஸ் ஷீட்டில்,
நேரம், மருந்து, அளவு, என் கையெழுத்து.
மற்றதற்குத்தான் இல்லை:
ஒரு தாய் மயக்கத்தில் கிடக்கையில்
அவள் பிள்ளையை
என் சாமிக்கு எழுதிவைத்தது.
அதற்கு அவள் விரலை நான் கேட்கவில்லை.

மூன்றாம் நாள் காய்ச்சல் இறங்கி
டீயில் நனைத்து பன் தின்றுகொண்டிருந்தாள்.
"அதுக்கு வலிச்சிருக்குமா டாக்டர்?"
இல்லை என்றேன்.
"தனியாவா கெடந்துச்சு?"
இல்லை என்றேன்.
தலையாட்டிவிட்டு
மிச்ச பன்னைக் காகிதத்தில் சுற்றினாள்.

சொல்ல இன்னும் ஒரு வரி இருந்தது.
அடுத்த கட்டிலில் கூப்பிட்டார்கள்.