சும்மா இருக்க

வால்பராய்சோவில் தெருக்கள் ஏறுவதில்லை, நிமிர்கின்றன.
அப்படியொரு நிமிர்வில்தான் போன மாதம் நெலிதா விழுந்தாள்.
மூவாயிரம் வாட் மோட்டார், அலுமினியக் கவை.
த்ராட்டிலைத் திருகியதும்
சக்கரம் நின்றது, அச்சு சுற்றியது,
வயரைக் கயிறாய் முறுக்கி அறுத்துக்கொண்டு
சக்கரம் தனியே இறங்கிப் போனது
மீன்கடை வரைக்கும்.

இன்று அடுக்களை மேசையில் எஃகுத் தகடு.
ஆறு மில்லிமீட்டர் கனம். அரம் போடுகிறாள்.
அச்சின் தட்டை முகத்தில் மாட்டிப் பார்த்தால்
முடியளவு ஆடுகிறது.
முடியளவு இடம் கொடுத்தால்
கவையையே பிடுங்கும்.
தகட்டை மூலையில் எறிந்துவிட்டு
இன்னொன்று அறுக்கிறாள்.

ரொட்டிக்கூடையை இறக்கிவைத்த ஒஸ்வால்தோ கேட்கிறான்:
"இரண்டு பக்கமுமா?
ஓர் அச்சைச் சும்மா இருக்கச் சொல்ல
இத்தனை இரும்பா?"
அவள் முழங்கையைத் திருப்பிக் காட்டுகிறாள்.
தையல் பிரித்த இடம் இன்னும் சிவப்பு.

வாஷரின் பல் கவைக்குள் இறங்குகிறது.
நட்டை இறுக்கி, அதன்மேல் வெள்ளைப் பெயின்ட்டில் ஒரு கோடு,
அச்சு வரை இழுத்து.
யார் நகர்ந்தாலும் கோடு காட்டிக்கொடுக்கும்.

விடியலில் அதே ஏற்றம்.
பாதியில் நிறுத்தி, இறங்கி, குனிந்து பார்க்கிறாள்.
பின்னால் ஒரு பஸ் ஹாரன் அடிக்கிறது.
அடிக்கட்டும்.
கோடு ஒடியவில்லை,
கூடையில் ரொட்டி இன்னும் சூடு.