ஆறு இஞ்சுக் குழாய்

"பாத்ரூமுக்கா?" என்றார் குஞ்ஞுமுகமது.
மீனுக்கு என்றேன்.
மவுண்ட் ரோட்டுக் கடையில் அன்றைய பேச்சு
அதோடு நின்றது.
ஆறு இஞ்சு பி.வி.சி., ஒன்றரை அடி.
அடியில் ஒட்டி அடைக்க ஒரு மூடி,
மேலே மரை வைத்துத் திறக்க ஒன்று,
இரண்டு நிப்பிள், ஒரு ரப்பர் வளையம்.
வளையத்தை மட்டும் கேட்காமலே இரண்டாகக் கொடுத்தார்.

ஆரோன் மஸ்கட் போகும்போது விட்டுப்போனது
மூன்றடித் தொட்டியும் நாலு கோல்டு ஃபிஷ்ஷும்.
தின்பதும் தின்றதைத் திருப்பித் தருவதும் தவிர
வேறு யோசனை இல்லாத நாலு பேர்.
குன்னூரில் எங்கள் தெருக் குழாய்க்குப்
பதினொரு நாளைக்கு ஒருமுறைதான் உயிர்.
மாற்ற வழியில்லாத தண்ணீரைக்
கழுவித்தான் ஆக வேண்டும்.

கழுவுவது என் பிழைப்பு.
டயாலிசிஸ் யூனிட்டில் பன்னிரண்டு வருடம்.
அங்கே ரத்தம்.

முதலில் யூனிட்டில் மீந்த பைகார்ப் கேனில்தான் முயன்றேன்.
வாய் குறுகல்.
ஸ்பாஞ்சைத் திணிக்கக் கழுத்தை அறுத்து,
எம்-சீல் பூசி, கடவுளையும் கொஞ்சம் பூசி மூடினேன்.
ராத்திரி இரண்டு மணிக்கு அது
கீழ்வீட்டு டெய்லர் மனோகரியின்
யாருடையதோ கல்யாண ப்ளவுஸ் மேல் சொட்டியது.
பட்டுத் துணிக்கும் தையலுக்கும்
நான்தான் கட்டினேன்.

இந்த முறை குழாய்.
பாத்திரம் தேய்க்கும் பச்சை நார், ஸ்பாஞ்சு,
உடைத்த ஓட்டுச் சில்லு இரண்டு கிலோ,
தலையணையிலிருந்து ஒரு கைப்பிடிப் பஞ்சு.
வளையத்துக்கு வாசலின்.
பதினெட்டு வாட் மோட்டாருக்கு ஸ்விட்ச் போட்டேன்.
ஓடியது. தண்ணீர் வரவில்லை.
வாய்க்குள் கூழாங்கல் உருட்டுவது போல ஒரு கரகரப்பு.

தெரிந்த சத்தம். காற்று.
சலைன் ஓடும்போது டயலைசரைத் தலைகீழாகப் பிடித்து
உள்ளங்கையால் தட்டுவோம்,
ஒரு குமிழிகூட ஆளுக்குள் போய்விடாதபடி.
குழாயைச் சாய்த்துத் தட்டினேன்.
பெரிதாக ஒரு ஏப்பம்.
பிறகு தொட்டியின் மறுமுனையில்
விரல் தடிமனில் நீர்.

அதற்குப் பிறகு காத்திருப்பு.
பகலெல்லாம் பிளீச்சால் கிருமிகளைக் கொன்றுவிட்டு
வீட்டுக்கு வந்து, ஓட்டுச் சில்லில்
கிருமிகள் குடியேறிவிட்டனவா என்று பார்ப்பேன்.
இந்தக் குளிரில் அவை
மலையேறித்தான் வர வேண்டும் போல.

போஜன் செவ்வாயும் வெள்ளியும் வருவார்.
அருவங்காடு ஃபேக்டரியில் ஓய்வு பெற்றவர்.
ஊசி குத்துமுன் கேட்பார்:
"ஒழுகுதா?"
இல்லை.
"அம்மோனியா?"
இன்னும் பச்சை.
தன்னுடைய யூரியா எவ்வளவு என்று
ஒருநாளும் கேட்டதில்லை.

நவம்பரில் காட்டேரிப் பக்கம்
கற்பூர மரம் ஒன்று ஒயர் மேல் விழுந்தது.
யூனிட் இருண்டது. ஜெனரேட்டர் இருமிவிட்டு நின்றது.
கைப்பிடியை விரித்து
அம்புக்குறி காட்டும் பக்கம் பம்ப்பைச் சுற்றினேன்,
அவசரமில்லாமல், நிறுத்தாமல்.
இருட்டுக்குள்ளிருந்து போஜன்:
"உன் வீட்ல யாரு சுத்துறது?"
யாருமில்லை.
"எவ்வளவு நேரம் தாங்கும்?"
ரெண்டு மணி நேரம், சார். அசையாம படுங்க.
சிரித்துவிட்டார். லைன் ஆடியது. திட்டினேன்.

வீடு சேர ஒன்பதரை.
கரண்ட் வந்திருந்தது, மோட்டாரில் கூழாங்கல்.
ஸ்வெட்டரைக் கழற்றாமல் மூடியைத் திருகி மோந்தேன்.
அழுகிய முட்டை என்றால் எல்லாம் போச்சு.
ஈர மண்.
மூடினேன், சாய்த்தேன், தட்டினேன். ஏப்பம்.
சோதனைக் குப்பியில் சொட்டு விட்டுப்
பல்புக்கு நேராகப் பிடித்தேன்:
மஞ்சள். சந்தேகமில்லாத மஞ்சள்.
வெள்ளிக்கிழமை வரை யாரிடமும் சொல்ல முடியாது.

அப்போதுதான் கீழிருந்து மனோகரி
முழக்கோலால் சீலிங்கை இரண்டு முறை தட்டினாள்.
நான் தட்டியதற்குப் பதிலா,
இல்லை, ஒழுகுகிறதா?

மிச்சமிருந்த வளையத்தைப் பையில் போட்டுக்கொண்டு
டார்ச்சோடு இறங்கினேன்.